ஆளோடு வரும் துப்பாக்கி

என் மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. கல்யாணப் பத்திரிகை என்னவாயிற்று என்று முதலில் கேட்டிருக்கிறாய். திருத்தங்கல் அச்சாபீசில் சொல்லியாயிற்று. காலண்டர் சீசன் இல்லாததால் உடனே அடித்துத் தருகிறார்களாம். மேலே போடும் சாமி படத்தைப் போன வருஷத்துக் காலண்டரிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சாமிக்கு வயதாவதில்லை என்பதால் சம்மதித்தேன். இரண்டாவதாக, வைகாசியில் கல்யாணம் நடப்பதற்குள் வீட்டுத் துப்பாக்கியை உன் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பெண் வீட்டில் அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள் என்பது ஒரு காரணம். "ஊரில் சில பேருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது" என்பது இன்னொரு காரணம். முதல் காரணத்தை நான் மன்னிக்கிறேன். கல்யாணம் ஆகப்போகிறவன் எதையாவது பெருமையாக நினைக்கத்தான் வேண்டும். இரண்டாவது காரணத்துக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். கையில் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

பொங்கலுக்கு நீ மெட்ராஸிலிருந்து லீவில் வந்திருந்தபோது பொதுக்கிணற்றில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். சொன்னவனுக்கு மறப்பதும் கேட்டவனுக்கு மறக்காததும் இயற்கை. அந்தக் கிணறு எனக்கும் என் தம்பிக்கும் பொது. தம்பி போன பிறகு அவன் மகன் குருசாமிக்கும் நமக்கும் பொது. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் நம் முறை. அன்று நம் முறை நாளில், விடிந்து வெகுநேரம் ஆகியும் அவன் ஆயில் என்ஜினை நிறுத்தாமல் தன் மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். தப்புதான். நீ போய்க் கேட்டாய். அதுவும் சரிதான். ஆனால் வாய் வார்த்தை முற்றியபோது, கிணற்று மேட்டில் பத்துப் பேர் பார்க்க, உன்னைவிட மூத்தவனைப் பார்த்து, "எங்க வீட்டு உத்தரத்துல தொங்குறது சும்மா தொங்கலலே, பாத்துக்கோ" என்றாய். அவன் என்ஜினை நிறுத்தினான், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போனான். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ரயிலேறினாய்.

அந்தத் துப்பாக்கி சும்மா தொங்கவில்லை என்பது வாஸ்தவம். அது எதற்காகத் தொங்கியது என்பதை நான் உனக்கு ஒருநாளும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. துப்பாக்கி என்றவுடன் உனக்கு ராஜாக்கள் புலியின் மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கும் படம் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது ரைஃபிள். ஒரே குண்டு, ஒரே குறி. தனக்கு என்ன வேண்டும் என்று சரியாகத் தெரிந்தவர்களுக்கான ஆயுதம். நம்முடையது ரவைத் துப்பாக்கி. சுட்டால் ஒரு கைப்பிடி கடுகை வீசியது மாதிரி ரவை பரவிப் போகும். ஏறக்குறையச் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிற குடியானவனுக்காக யாரோ ஒரு புண்ணியவான் செய்தது. தோட்டாவை மாற்றினால் வேலை மாறிவிடும். பொடி ரவை என்றால் கவுதாரிக்கும் கிளிக்கும். பருத்த ரவை என்றால் காட்டுப்பன்றிக்கு. ரவையே இல்லாமல் வெடிமருந்து மட்டும் என்றால் கல்யாணத்துக்கு. இத்தனை வேலைக்கு உதவுகிற சாமான் நம் வீட்டில் இன்னொன்று உண்டென்றால் அது உன் அம்மாவின் அரிவாள்மணைதான். அதற்கு சர்க்கார் லைசென்ஸ் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்குக் கிடைத்திருப்பது பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். மேற்கே மலையடிவாரத்திலிருந்து ஓடை வழியாக இறங்கி வரும் பன்றிக்காக வாங்கியது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஜனங்கள் தங்களை ஆள்பவர்களைத் தேர்ந்தெடுத்து முடிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். இந்த விஷயம் பன்றிகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு தேர்தலிலும் யார் தோற்றாலும் நம் கடலை தோற்காமல் இருந்ததில்லை.

லைசென்ஸ் வந்த புதிதில் எனக்கு இருந்த தொல்லை பன்றி அல்ல, ஊர். மண்வெட்டி, ஏணி, கல்யாண அண்டா எல்லாவற்றையும் இரவல் வாங்கிப் பழகிய ஜனங்களுக்கு, துப்பாக்கியை மட்டும் இரவல் கொடுக்கக் கூடாது என்பது விளங்கவில்லை. கொடுக்க மறுத்தால் கர்வம் பிடித்தவன் என்றார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டையாவிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "கொடுத்தீகன்னா உங்களையும் வாங்குனவனையும் சேத்து உள்ள வைப்பேன். அம்புட்டு அவசரம்னா நீங்களே கூடப் போயிட்டு வாங்க" என்றார். ஊர் இதைத் தனக்கு வசதியாகப் புரிந்துகொண்டது. துப்பாக்கியை இரவல் கேட்டால்தானே குற்றம்? துப்பாக்கிக்காரனை இரவல் கேட்கலாம். அன்றிலிருந்து நான் துப்பாக்கியின் உறை மாதிரி அதோடு அலைந்தேன். எவன் கடலைக்காட்டில் பன்றி இறங்கினாலும் நான்தான் போக வேண்டும். வெறிநாய் வந்தால் என்னைத்தான் எழுப்புவார்கள். போன இடத்தில் எல்லாம் கஞ்சியோ காப்பியோ கொடுத்தார்கள். பேசாமலிருந்த இரண்டு வீடுகளோடு எனக்குப் பேச்சு வந்ததே இந்த அலைச்சலில்தான். பன்றி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும்?

எல்லா அழைப்பும் நியாயமானது என்று சொல்ல மாட்டேன். பனைமரத்தில் கதண்டுக் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று ஒரு அம்மாள் வந்து கூப்பிட்டாள். கதண்டைச் சுட முடியாது என்றேன். "சுட வேண்டாம்யா. சும்மா காட்டுங்க, பயந்து போயிரும்" என்றாள். அவள் மனம் நோகக் கூடாது என்று போய்க் காட்டினேன். என் இடது காது வீங்கி இறங்க ஒரு வாரம் ஆயிற்று. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயம் தொடங்கிவைக்க ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். கோட்டில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வானத்தில் சுட்டேன். ஒரு பிள்ளைகூட ஓடவில்லை. எல்லாரும் குனிந்து, வெடிக்காத வெடி ஏதாவது கிடக்கிறதா என்று தரையில் தேடினார்கள். சத்தம் கேட்டால் ஓடுவது வேறு ஊர்க்காரர்கள் வழக்கம் என்பதை ஹெட்மாஸ்டர் யோசிக்கவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கம்.

துப்பாக்கியின் இரண்டு குழலில் இடது குழல் ஏன் உபயோகத்தில் இல்லை என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். துரு என்று சொல்லிவைத்தேன். காரணம் உன் சிவகாசி மாமா. தோட்டா வாங்க நான் மதுரைக்குப் போய் வருவதைப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருப்பவருக்கு அது அவமானமாகப் பட்டது. "என்ன அத்தான், மருந்துக்கு மதுரைக்கா போறீக? ஊருக்கே மருந்து நாமதான கொடுக்கோம். காலித் தோட்டாவை இங்கன கொடுங்க" என்றார். கொடுத்தேன். அழகாக நிரப்பிக் கொண்டுவந்தார், கலர் காகிதம் ஒட்டி. மறுநாள் காலை சோளத்தில் கிளி இறங்கியிருந்தது. இடது குழலில் மாமாவின் தோட்டாவைப் போட்டுச் சுட்டேன். பச்சை நெருப்பு ஒன்று பூப்பூவாகக் கொட்டிக்கொண்டு போயிற்று. கிளிகள் பறக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் காட்டிலிருந்து என் தம்பி, "அண்ணே, தீவாளி முடிஞ்சு போச்சே!" என்று கத்தினான். நான் சிரித்துக்கொண்டே குழலைத் தடவிப் பார்த்தேன். நடுவில் பாம்பு எலியை விழுங்கியது மாதிரி வீங்கியிருந்தது. வெடிக்குள் போடும் மருந்து வேறு, துப்பாக்கி மருந்து வேறு. இன்னும் ஒரு சிட்டிகை கூடியிருந்தால் இந்தக் கடிதம் எழுதும் கை இருந்திருக்காது. தம்பி ஓடிவந்து பார்த்தவன், துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்துவிட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் சிவகாசி மாமாவோடு ஒரு வருஷம் பேசவில்லை. நான் அந்த வாரமே பேசிவிட்டேன். மைத்துனரோடு பேசாமல் இருப்பதற்கு வீட்டில் அனுமதி வேண்டுமல்லவா?

அன்றிலிருந்து அது பார்வைக்கு இரட்டைக் குழல், வேலைக்கு ஒற்றைக் குழல். பன்றிக்கு இது போதும். சிக்கல் கல்யாணத்தில்தான் வந்தது. நம் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வரும் பெண் ஊர் எல்லையில் வண்டியை விட்டு இறங்கும்போது இரண்டு வெடி வெடிக்க வேண்டும் என்பது நாம் நடத்திவரும் முறை. ஒன்று அவள் காலைத் தரையில் வைக்க, இன்னொன்று நடக்க. இரண்டு குழலும் இருந்தபோது டப், டப் என்று முடிந்துவிடும். இப்போது ஒன்றைச் சுட்டு, குழலை மடித்து, காலித் தோட்டாவை எடுத்துவிட்டு, வேறு தோட்டா போட வேண்டும். அதுவரை பெண் நடுரோட்டில் ஒற்றைக் காலில் நிற்பாளா? குருசாமி கல்யாணத்தில் உன் சித்தப்பா இதற்கு ஒரு வழி செய்தான். என் வலது பக்கம் தோட்டாவோடு நின்றுகொண்டான். நான் குழலை மடித்து, பார்க்காமலே கையை நீட்டினால், தோட்டா என் உள்ளங்கையில் இருக்கும். மாப்பிள்ளையின் தகப்பன் மாலையும் சந்தனமுமாக நிற்க வேண்டியவன், என் பக்கத்தில் வெடி எடுத்துக் கொடுக்கும் ஆளாக நின்றான். சரவெடி ஒரு வண்டி கொண்டுவந்திருந்த சிவகாசி மாமா, "ரெண்டே வெடிதானா அத்தான்? ரொம்பச் சிக்கனம்" என்று சிரித்தார். "ரெண்டும் மதுரை மருந்து, மாப்ள. பச்சையா எரியாது" என்றான் தம்பி. அதுதான் ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு. குருசாமியின் பெண்டாட்டி இந்த ஊருக்குள் நடந்து வந்தது அந்த இரண்டாவது வெடியில்தான். இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இத்தனை வருஷத்தில் ஒருவன் மட்டும்தான் என்னை வேறு காரியத்துக்கு இரவல் கேட்டான். வரப்புத் தகராறு. "நீங்க சுட வேண்டாம். தோள்ல மாட்டிக்கிட்டு அங்கன சும்மா நில்லுங்க, போதும்" என்றான். கதண்டுக்கு ஏற்கெனவே ஒருமுறை காட்டிப் பார்த்திருக்கிறேன், எனக்குத் திருப்தியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனுக்குக் கோபம். நான் மறுத்த வேலையை நீ துப்பாக்கியைக் கீழே இறக்காமலே கிணற்று மேட்டில் செய்துவிட்டாய்.

என்ன நடந்தது தெரியுமா? நீ போன மறுநாள் குருசாமியின் முறை. என்ஜின் ஓடவில்லை. அதற்கடுத்த முறையிலும் ஓடவில்லை. கோபம் தணியட்டும் என்று விட்டேன். பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது அவன் பெண்டாட்டி ஊருணியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து மிளகாய்ச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். காய் பிடிக்கிற பருவம். மேல்வரிசை முழுக்க இலை சுருண்டுவிட்டது. விருதுநகர் மண்டிக்குப் போக வேண்டிய வருஷத்து வருமானம் குடத்துத் தண்ணீரில் நின்றது. அவளிடம் கேட்டேன். "அவுக கெணத்துக்குப் போக மாட்டேங்காக மாமா. உசுரு முக்கியமா மொளகா முக்கியமாங்காக" என்றாள். நீ ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் ஒரு காட்டையே சாய்த்திருந்தாய். நான் இத்தனை வருஷம் சுட்டும் எனக்கு அந்தத் திறமை வரவில்லை.

அவனிடம் பேசிப் பார்த்தேன், பிடி கொடுக்கவில்லை. ஆகவே ஒரு விடியற்காலையில் துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தேன். அவன் கடலையில் பன்றி இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்; ஆனால் அவன் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே நானாகப் போனால் என் ரோசம் ஒன்றும் குறைந்துவிடாது என்று நினைத்தேன். நான் பன்றிக்காகத்தான் போகிறேன் என்பது ஊருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. நான் போகப் போகத் தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன. எப்போதும் "என்ன, பன்னியா?" என்று கேட்கும் டீக்கடைக்காரன் குனிந்து அடுப்பை ஊதினான்; அணைந்த அடுப்பை. குருசாமி வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். "மாமா, இதே துப்பாக்கிச் சத்தத்துலதான் என்னைய ஊருக்குள்ள கூட்டிக்கிட்டு வந்தீக" என்றாள்.  அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் தோளில் என்ன தொங்குகிறது என்பதே எனக்கு உறைத்தது. நீ சொன்ன அந்த ஒரு வாக்கியம், அதுவரை நான் நடந்த நடையை எல்லாம் மாற்றி எழுதிவிட்டது.

உள்ளேயிருந்து குருசாமி வந்தான். "சுடுறதுன்னா சுடுங்க பெரியப்பா. செடி காயுறதப் பாக்குறதுக்கு அது தேவல" என்றான்.

"ஒன்னையச் சுட ஒரு தோட்டாவ வீணாக்கவா? மதுரைல போயி வாங்குறது யாரு, நீயா? வாலே, கடலைக்குள்ள பன்னி எறங்கியிருக்குன்னாக" என்றேன்.

 அவன் துண்டை எடுத்துக்கொண்டு கூட வந்தான். வரப்பில் உட்கார்ந்தோம். வெளுத்துக்கொண்டு வந்தது. கிணற்றுப் பக்கம் கறுப்பாக, குனிந்து, பெரிய பன்றி ஒன்று நிற்பதைப் பார்த்தேன். தோட்டாவைப் போட்டு, மெதுவாகக் குறி வைத்தேன். குருசாமி என் காதோரம் சொன்னான்: "பெரியப்பா, அது பன்னி இல்ல. நம்ம என்ஜின். சாக்குப் போட்டு மூடியிருக்கு."

உன் அம்மா எனக்குக் கண் மங்கிவிட்டது என்று ஒரு வருஷமாகச் சொல்லிவருகிறாள். நான் விளக்கைக் குறை சொல்லிவந்தேன். அன்று குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குருசாமி துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கினான். குழலை மடித்தான், தோட்டாவை எடுத்தான், அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். அவன் தகப்பன் செய்தது மாதிரியே. பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "நல்ல வேளை. என்ஜினச் சுட்டிருந்தா ரெண்டு வீட்டுக்கும் தண்ணி கெடையாது" என்றான். நானும் சிரித்தேன். அவன் முறை அன்றுதான். போய் என்ஜினை ஓட்டினான். கீழ்வரிசைச் செடிகள் பிழைத்துக்கொண்டன. மேல்வரிசை பிழைக்கவில்லை.

இப்போது உன் இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறேன். நம் ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் நம் ஜில்லாவில் இல்லை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மதுரையில்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். குருசாமியை அழைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த குமாஸ்தா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "மகன் இருக்கும்போது தம்பி மகனுக்கா?" என்று கேட்டார். "லைசென்ஸ் பயிருக்குத்தானே? மகனுக்கு மெட்ராஸில் ஒரு பூந்தொட்டிகூட இல்லை" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டார். பல தடவை அலையவைத்துவிட்டு, போன வாரம் உத்தரவு கொடுத்தார்கள். துப்பாக்கி இப்போது குருசாமியுடையது. அவன் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. நீ சொன்னாயே, அது சும்மா தொங்கவில்லை. முந்தாநாள் ஒரு பன்றியைச் சாய்த்தான், நமக்கும் பங்கு வந்தது.

உனக்கு இது வருத்தமாக இருக்கும். பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது என்று யோசிப்பாய். எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி உண்டு என்று சொல், அது உண்மைதான். கல்யாணத்தன்று ஊர் எல்லையில் இரண்டு வெடி இல்லாமல் உன் பெண்டாட்டியை நடக்கவிட உன் அம்மா சம்மதிக்க மாட்டாள் என்பதும் உண்மைதான். துப்பாக்கி இரவல் கிடையாது, ஆளோடுதான் வரும் என்பதை இந்தக் கடிதத்தின் பாதியிலேயே சொல்லிவிட்டேன். ஆகவே நான் குருசாமியைக் கூப்பிட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நீங்க கூப்பிட்டீகன்னா சாப்பிட வாரேன் பெரியப்பா. அவன் கூப்பிட்டான்னா துப்பாக்கியோட வாரேன்."

அதனால் பத்திரிகை அடித்து வந்ததும் ஒன்றை எடுத்து உனக்குத் தபாலில் அனுப்புகிறேன், பெயர் எழுதாமல். அதில் பெயர் நீதான் எழுத வேண்டும். விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் பிடித்து வருவாய் அல்லவா, நேரே வீட்டுக்கு வராதே. கிணற்றுக்குப் போ. அவன் முறை நாளாகப் பார்த்து வா. என்ஜின் சத்தத்தில் நீ பேசுவது அவனுக்குச் சரியாகக் கேட்காது; கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அன்று சொன்னதையும் உரக்கத்தானே சொன்னாய்.

மருந்து மட்டும் போட்ட தோட்டா இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்றைக் குருசாமியிடம் கொடுத்தாயிற்று. மற்றது உன் பட்டு வேட்டி மடிப்புக்குள் இருக்கிறது. முதல் வெடி வெடித்ததும் நீ அவன் வலது பக்கத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையாயிற்றே என்று பார்க்காதே; உன் சித்தப்பா பார்க்கவில்லை. அவன் குழலை மடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவான். பித்தளைப் பக்கம் அவன் உள்ளங்கையில் படும்படி வை. சீக்கிரம் வை. உன் பெண்டாட்டி ரோட்டில் நின்றுகொண்டிருப்பாள்.

உன் அப்பா